முகில்விடு தூதும் மலையகமும்

2016-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் ஒருநாள், கம்பளைப் பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் வானிலிருந்து ஒரு விந்தைப் பொருள் வந்து கிடந்தது. ஊரவர் கூடிப் பார்த்தனர். காற்றிழந்து துவண்ட பெரியதொரு பலூன்; அதனோடு பிணைத்த சில கருவிகள். வானவெளியிலிருந்து இணையம் வழங்கும் பொருட்டுக் கூகிள் நிறுவனத்தார் விடுத்த 'லூன்' என்னும் பலூன் அது. சோதனைப் பயணத்திலேயே விழுந்துவிட்டது என்று செய்தியாளர் எழுதினர். விழவில்லை, திட்டப்படியே இறக்கப்பட்டது என்று அரசின் தகவல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தார் விடையிறுத்தனர். விழுந்ததோ இறக்கப்பட்டதோ, அது வந்து சேர்ந்த இடம் ஒரு தேயிலை மலை என்பதை எண்ணி நான் பலகால் வியந்ததுண்டு.

தமிழில் தூது என்பது ஒரு சிற்றிலக்கிய வகை. அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனத் தூது போக்குதற்குரியன பத்து என்று வகுத்தனர் நம் முன்னோர். வகுப்பிலே இப்பாடத்தை நடத்தும்போது மாணவர் தவறாது ஒரு வினாவை எழுப்புவர்: "சேர், போன தூது திரும்பி வந்துச்சா?" வந்ததாகப் பெரும்பாலும் நூலில் இராது. 'தலைவரிடம் என் நிலை கூறி, அவர் மாலையை வாங்கி வா' என்று வேண்டுவதோடு நூல் நின்றுவிடும். விடை வந்ததா என்பது புலவர்க்குக் கவலையன்று. புலவர்க்கு அது பொருந்தும். அரசுக்கும் பொருந்துமோ என்பதே யான் ஈண்டுக் கேட்க விழைவது.

லூன் திட்டத்துக்கு அரசு கூகிள் நிறுவனத்தோடு உடன்பட்டது 2015 ஜூலையில். முழுத் தீவும் பலூன்களின் அலைக்குள் அடங்கும் என்றார்கள். 2021 ஜனவரியில் அந்நிறுவனம் லூன் முயற்சியையே உலகளாவ மூடிவிட்டது. முகில் வந்தது; மழை பெய்யவில்லை.

மலைநாடு இணையத்துக்குப் புதிது என்று எவரும் கருதிவிடலாகாது. மகாவலித் திட்டத்தை ஒட்டி 1989-இல் கொத்மலையில் ஒரு சமூக வானொலி நிலையம் எழுந்தது. 1998-இல் தொடங்கி யுனெஸ்கோவின் துணையோடு அந்நிலையத்துக்கு இணையத் தொடர்பு அமைத்தனர். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும், கொழும்புப் பல்கலைக்கழகமும் அதிற் கை கொடுத்தன. நேயர்கள் தம் ஐயங்களை எழுதி அனுப்புவர். நிலையத்தார் இணையத்தில் தேடி, கண்டதை ஊர்மொழிக்கு மாற்றி, வானலையில் விடை சொல்லுவர். கணினியை வாழ்நாளிற் காணாத உழவனுக்கும் உலகத்து நூலகமொன்று வானொலிப் பெட்டி வழியே திறந்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் தாமே அமர்ந்து பயிலக் கணினி வைத்தனர். வினாடிக்கு 64 கிலோபிற்று வேகம். இன்றாயின் ஒரு நிழற்படம்கூட அதில் தவழ்ந்துதான் வரும். ஆயினும் கேள்விக்கு விடை வந்தது. நான் அறிந்த மட்டில், அரசுசார் தூதுகளுள் விடையோடு திரும்பியது இது ஒன்றே. பிறநாட்டு அறிஞர் பலர் இதனைத் தேடி வந்து கண்டு எழுதினர். குறை ஒன்றுண்டு: நிலையத்தின் முதன்மை மொழி சிங்களம். அடுத்த மலையில் வாழ்ந்த தோட்டத்துத் தமிழருக்கு அது பாதி திறந்த கதவாகவே இருந்தது.

பின்னர் 'இ-ஸ்ரீலங்கா' என்னும் பெருந்திட்டம் வந்தது. அதற்கென 2004-இல் உலக வங்கி 53 மில்லியன் டொலர் கடன் அளித்தது. நெனசல என்னும் அறிவுச்சாலைகள் 2005 முதல் விகாரைகளிலும் நூலகங்களிலும் ஊர்ப் பொதுவிடங்களிலும் நூற்றுக்கணக்கில் திறக்கப்பட்டன. 2014-இல் அவற்றுக்கு உலகப் பரிசொன்றும், அதனோடு ஒரு மில்லியன் டொலரும் கிட்டின. நன்முயற்சியே, மறுப்பார் இல்லை. ஆனால் அறிவுச்சாலைக்குப் பிள்ளை நடந்து போக வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் மஸ்கெலியாப் பக்கத்து மழையில், அட்டை கடிக்கும் ஒற்றையடிப் பாதையில் எந்தத் தாய் தன் மகளை அனுப்புவாள்?

இங்கே நிலத்தின் இயல்பையும் தோட்டத்தின் அமைப்பையும் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அகலக்கற்றை என்று இன்று வழங்கும் சொல் எனக்கு உவப்பானது. கூந்தலுக்கும் கதிருக்கும் ஆண்டுவந்த 'கற்றை'யை எவரோ ஒருவர் மின்னலைக்கும் சூட்டியிருக்கிறார்; அவருக்கு என் வணக்கம். அக்கற்றை வரும் வழி இரண்டு. மயிரிழையொத்த கண்ணாடி நாரில் ஒளியாக வருவது ஒன்று. கோபுரத்திலிருந்து அலையாக வருவது மற்றொன்று. அலை பெரும்பாலும் நேர்வழியிற் செல்வது. மலையைத் துளைத்து வாராது. ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியே பொகவந்தலாவைக்குப் போகும் பாதையிற் கைப்பேசியை நோக்கியவாறு செல்பவர் இதனைக் கண்ணாரக் காணலாம். ஒரு வளைவில் அலை உண்டு, மறுவளைவில் இல்லை. கோபுரத்தை நேரே காணும் சரிவில் வாழ்வோர் பேறுபெற்றவர். புறங்காட்டி நிற்கும் சரிவில் வாழ்வோர்க்கு அதே கோபுரம் இருந்தும் இல்லாததே. தலைநகரில் வரையும் படத்தில் இரு சரிவுக்கும் ஒரே வண்ணம் தீட்டிவிடலாம். லயத்தில் வாழ்பவருக்கு எச்சரிவில் தம் காம்பிரா என்பதுதான் கணக்கு.

கண்ணாடி நாரோ கம்பம் வேண்டும். கம்பம் நட நிலம் வேண்டும். தோட்டத்து நிலம் அரசினுடையது. 1992 முதல் அதன் நிர்வாகம் கம்பெனிகளினது. அதில் ஐந்து தலைமுறையாக வாழ்பவர்க்கு நின்ற இடமும் உரியதன்று. பழையவர்களுக்குத் தப்பால் என்னும் சொல் நினைவிருக்கும். கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வரும். அங்கிருந்து எப்பொழுது, எவர் கையால் லயத்துக்கு வரும் என்பது கந்தோரின் கருணை. தொலைபேசி வந்தபோது துரை பங்களாவுக்கும் கந்தோருக்கும் ஸ்டோருக்கும் வந்தது, லயத்துக்கு வரவில்லை. இப்பொழுது நார்க்கம்பியும் பல இடங்களில் அதே கந்தோர் வாயிலில் வந்து நிற்கின்றது. மூன்று தூதும் ஒரே வாயிலில் தடைப்படுகின்றன என்றால் குறை தூதில் இல்லை, வாயிலில் இருக்கின்றது.

அவ்வாயிலுக்குச் சட்டத்திலும் ஒரு பூட்டு இருந்தது. 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு காரணமாகத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுதல் இயலாதிருந்தது. வாக்கு மட்டும் கேட்டுச் சென்றனர்; விளக்கு ஒன்று நாட்டச் சட்டம் இடந்தரவில்லை. அப்பிரிவு 2018-இல் திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவை என்னும் இரு பெருஞ் சபைகளும் பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் என்பனவும் சேர்ந்து ஆறாயின. தோட்டத்து மக்களுக்கு ஊராட்சி என்று ஒன்று அருகில் வந்தது அண்மையிலேதான்.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டு செல்ல அரசு ஒரு கழகத்தையே நிறுவியிருக்கின்றது. கேரளம் இணையத்தை அடிப்படை உரிமை என்று கூறி, 2023 ஜூனில் தன் சொந்த இழைவலையைத் தொடங்கிவைத்தது. வறிய குடும்பங்களுக்கு இலவசம் என்றும் அறிவித்தது. அவர்களுக்கும் இடர்ப்பாடுகள் பல. எனினும் ஊராட்சி என்னும் ஓர் அடையாளம் ஊரில் இருத்தலால் கம்பி எங்கே போகவேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. நம் தோட்டங்களில் அந்த முகவரியே கேள்விக்குறி.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவை யாவும் ஏட்டுச் செய்தி என்ற நிலை மாறி என் வீட்டு முற்றத்துக்கு வந்தன. சாதாரண தர வகுப்புக்கு மகர ஈற்றுப் புணர்ச்சியை என் குரலிற் பதிந்து கைப்பேசி வழியே அனுப்பினேன். ஐம்பது வயதைக் கடந்த பண்டிதன் ஒருவன் இருளில் அமர்ந்து, எதிரே எவருமின்றி, ஒரு சிறு கண்ணாடியை நோக்கி 'மரம்' என்பதற்குப் பின் 'வேர்' வந்தால் மகரம் யாதாகும் என்று வினவிக்கொண்டிருந்த காட்சியை என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். நள்ளிரவுக்குப் பின் 'டேட்டா' மலிவு என்பதால் பிள்ளைகள் அலாரம் வைத்து எழுந்து பாடத்தை இறக்கிக்கொள்வர். அலையில்லாத தோட்டத்தார் மேட்டையும் பாறையையும் தேடி ஏறினர். ஊவா மலைகளில் காட்டுவழியே நடந்து குன்றேறிக் கற்ற மாணவர் ஆசிரியர் பற்றி 2021-இல் உலகச் செய்தி நிறுவனங்களும் எழுதின.

ஒருநாள் மாணவி ஒருத்தியின் தகப்பனார் மழையில் நனைந்து வந்து வாயிலில் நின்றார்.

"சேர், பிள்ளைக்கு நீங்க அனுப்பினது பாதிதான் வந்திருக்கு. மிச்சத்த தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா கையோட கொண்டு போயிருவேன்."

எழுதிக் கொடுத்தேன். தேநீர் அருந்தும்போது அவர் சொன்னார்: "இவ அம்மா குவைத்துல இருந்து எடுத்தாலும் இப்படித்தான் சேர். கோயில் மேட்டுக்குப் போனாத்தான் பேசலாம். அவ எடுக்கிற நேரம் பாத்து மழ வந்துரும்."

அவர் போன பின்னரும் அச்சொல் என்னை விடவில்லை. காரணம் இது. 2004-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நிதிச் சட்டத்தின்கீழ், வெளிநாடுகளிலிருந்து இந்நாட்டுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைக் கணக்கிட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் ஒரு வரி அறவிடப்படுகின்றது. அதில் ஒரு பங்கு, ஊர்ப்புறங்களில் தொலைத்தொடர்பைப் பரப்புதற்கென்றே வகுக்கப்பட்டது. அழைப்புகள் யாருடையவை? வளைகுடா நாடுகளிற் பிறர் வீட்டுப் பாத்திரம் கழுவும் பெண்கள் தம் பிள்ளையின் குரலைக் கேட்க எடுத்த அழைப்புகள் அவற்றுட் பல. அவருட் கணிசமானோர் நம் தோட்டத்துப் பெண்கள். ஆகவே அந்நிதி செல்வர் வழங்கிய கொடையன்று. இத்தாய்மாரின் வியர்வையும் அதிற் கலந்திருக்கின்றது. இன்று அழைப்புகளுட் பல இணையவழியே வருதலின் அவ்வருவாய் முன்போல் இராது என்பது உண்மையே. எனினும் ஆண்டுக்கணக்கில் தந்தவர் தந்தவரே. அப்பெண் தன் மகளோடு பேச, அவள் தந்த பணத்திற் பங்குபெற்ற கோபுரம் ஒன்று கோயில் மேட்டுக்கு அப்பாலுள்ள சரிவை நோக்கி நிற்கவேண்டும் என்று கேட்பது பிச்சையன்று, கணக்குக் கேட்பது.

'கிராமத்துக்குத் தொடர்பாடல்' என்னும் பொருள்பட ஆணைக்குழு ஒரு திட்டத்தை இரத்தினபுரி மாவட்டத்தில் முதலில் நடத்தி, கோபுரச் செலவில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக் கம்பெனிகளை ஊர்ப்புறம் ஈர்த்தது. முறை நல்ல முறை. என் வேண்டுகோள் ஒன்றுதான்: அளக்கும் அளவை மாறவேண்டும். இத்தனை கோபுரம் எழுந்தது என்று எண்ணாது, இத்தனை லயங்களிற் பாடம் முழுமையாய் வந்து சேர்ந்தது என்று எண்ணவேண்டும். தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் நார் வந்து, அங்கிருந்து சுற்றியுள்ள லயங்களுக்கு அலை பரவுமாயின் மலை மறைக்கும் குறையும் பெரிதும் நீங்கும். பாடசாலை நிலத்திற் கம்பம் நடக் கம்பெனியின் இசைவுக்குக் காத்திருக்கவும் வேண்டா.

வானிலிருந்து மீண்டும் ஒரு தூது வந்துளது என்பர் சிலர். ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை 2025 ஜூலையில் இந்நாட்டில் தொடங்கியது. எம்மலைக்கும் அது எட்டும், மறைவில்லை. ஆனால் தொடங்கிய காலத்தில் வீட்டுக்கான மாதக் கட்டணம் 12,000 ரூபாவுக்குக் குறையவில்லை. கருவியின் விலை வேறு. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாவைக் கொண்டு கணக்கிட்டால், ஒன்பது நாட் கொழுந்து அதற்கே போகும். பங்களாவுக்கு ஏற்ற தூது அது.

2025 நவம்பர் இறுதியில் தித்வாப் புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது பாதைகள் அறுந்தன. தொலைபேசியும் பல இடங்களில் ஊமையாயிற்று. என் பதிவேட்டிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாய் அழைத்துப் பார்த்தேன். மறுமொழி வந்த பெயருக்கு எதிரே ஒரு புள்ளி இட்டேன். எல்லாப் பெயருக்கும் புள்ளி விழப் பன்னிரண்டு நாள் சென்றது. வரவு பதிவதற்கு அதனினும் கொடிய முறை ஒன்றை யான் அறியேன்.

நான் கற்பிக்கும் பாடசாலைக்கு இப்பொழுது நார் வந்துவிட்டது. அதிபர் அறையில் ஒரு சிறு பெட்டி பச்சை விளக்கோடு மினுங்குகின்றது. பிற்பகல் இரண்டு மணிக்கு அறை பூட்டப்படும்போது அதன் மின்விசையையும் அணைத்துவிடுவது வழக்கமாயிருந்தது. காவற்காரரிடம் சொல்லிவைத்தேன், அணையாமல் விடுகிறார். மாலையில் அந்த வழியே நடந்தால், பூட்டிய அறையின் படிக்கட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள் சுவரோடு ஒட்டி அமர்ந்திருப்பர். அவர்களோடு பெரிய பெண்ணொருத்தியும் சில நாட்களில் இருப்பாள். குவைத்திலிருந்து அழைப்பு வரும் நாட்கள் அவை. மற்றப் பிள்ளைகள் சற்று எட்ட நகர்ந்து அவளுக்கு இடம் விடுவர்.