இமயமலை மலையேற்றம்: குடிநீர் வடிகட்டி வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

புது தில்லி: நெகிழிப் புட்டிகளில் அடைத்து விற்கப்படும் குடிநீருக்கு சிக்கிம் மாநிலம் 2022 ஜனவரி முதல் தடை விதித்துள்ளது. மற்ற இமயமலை மாநிலங்களிலும் உயரமான முகாம்களில் புட்டி நீர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் காலிப் புட்டியைச் சுமந்துகொண்டுதான் இறங்க வேண்டும். இதனால் ஓடை நீரை அவ்விடத்திலேயே சுத்திகரித்துப் பருக உதவும் கையடக்க வடிகட்டிகளை மலையேற்றப் பயணிகள் நாடுகின்றனர். ஆனால், இவற்றில் பரவலாக விற்பனையாகும் வகை, இந்திய மலைப்பாதைகளுக்குத் தனித்துப் போதுமானது அல்ல.

இவ்வகை வடிகட்டியினுள் மெல்லிய குழல் இழைகள் கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். இழைகளின் சுவரிலுள்ள நுண்துளைகளின் அளவு பெரும்பாலும் 0.1 அல்லது 0.2 மைக்ரான். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா ஒட்டுண்ணியின் உறை சுமார் 10 மைக்ரானும், கிரிப்டோஸ்போரிடியத்தின் உறை 4 முதல் 6 மைக்ரானும் இருக்கும். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அரை மைக்ரானுக்குக் குறையாத தடிமன் கொண்டவை. இவை அனைத்தும் தடுக்கப்படும். ஆனால் மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ வைரஸ்களின் அளவு ஏறத்தாழ 0.03 மைக்ரான் மட்டுமே. 0.1 மைக்ரான் துளை அவற்றுக்கு அகலத் திறந்த வாசல்.

மனித நடமாட்டம் குறைந்த வட அமெரிக்கக் காட்டுப் பகுதிகளின் நீரில் வைரஸ் இருக்கும் வாய்ப்பு குறைவு எனக் கருதப்படுகிறது. அங்குள்ள பயணிகளுக்கு இவ்வடிகட்டி பெரும்பாலும் போதும். இணையத்தில் காணப்படும் பாராட்டுரைகள் பலவும் அவர்கள் எழுதியவையே. இமயமலையின் நிலை வேறு. 3,583 மீட்டர் உயரத்திலுள்ள கேதார்நாத் செல்லும் பாதையில் பக்தர்களும் கோவேறு கழுதைகளும் ஆயிரக்கணக்கில் நடக்கின்றனர். புகழ்பெற்ற மலையேற்றப் பாதைகளில் ஒரு முகாமுக்கு மேலே இன்னொரு முகாம் இருக்கும். புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தடை விதிக்கும் அளவுக்கு நெரிசல் முற்றியிருந்தது. மேலே கழிக்கப்படும் மலம் மழையோடு கீழே உள்ள ஓடையில்தான் வந்து சேரும். நீர் தெளிந்து குளிர்ந்திருப்பதும் பாதுகாப்புக்கு அடையாளம் அல்ல. குளிர்நீரில் வைரஸ்கள் நீண்ட காலம் வீரியம் இழக்காமல் இருக்கும்.

எதைப் பார்த்து வாங்குவது?

விளம்பரத்தில் '99.9999 சதவீதம்' என்று இருந்தால், அது எந்தக் கிருமிக்கு என்பதைப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அது பாக்டீரியாவுக்கான எண்ணாகவே இருக்கும். முழுமையான சுத்திகரிப்பானாகக் கருதப்பட, பாக்டீரியாவில் 99.9999, வைரஸில் 99.99, ஒட்டுண்ணி உறைகளில் 99.9 சதவீதம் நீக்கப்பட வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டு நெறி. வைரஸுக்கான எண் அட்டையில் இல்லையெனில், அக்கருவி வைரஸைத் தடுக்காது என்றே கொள்ளலாம்.

நகர்ப்புறப் பழக்கத்தில் டிடிஎஸ் மானியையும் சிலர் எடுத்துச் செல்கின்றனர். அது நீரில் கரைந்த உப்புகளை மட்டுமே அளக்கும். கிருமிகளைப் பற்றி எதுவும் சொல்லாது. பனி உருகி வரும் நீரில் உப்பு இயல்பாகவே குறைவு என்பதால், மாசடைந்த ஓடையிலும் மானி நல்ல எண்ணையே காட்டும்.

வைரஸையும் தடுக்கும் கருவிகள் உண்டு. அவை விலை கூடியவை. சில எடை மிக்கவை. 0.1 மைக்ரான் வடிகட்டியுடன் குளோரின் மாத்திரைகளைச் சேர்த்துப் பயன்படுத்துவது எளிய, மலிவான மாற்று. கிரிப்டோஸ்போரிடியத்தைக் குளோரின் எளிதில் கொல்லாது. அதை வடிகட்டி தடுக்கும். வடிகட்டி விட்டுவிடும் வைரஸைக் குளோரின் அழிக்கும். முதலில் வடிகட்டி, பின்னர் மாத்திரையிட்டு, உறையில் குறிப்பிட்ட நேரம், பொதுவாக 30 நிமிடம், காத்திருக்க வேண்டும். நீர் மிகவும் குளிர்ந்திருந்தால் இன்னும் கூடுதல் நேரம் தேவை. புற ஊதாக் கதிர்க் கருவிகள் வைரஸுக்கும் பயன்படும் என்றாலும் கலங்கிய நீரில் பயன் தராது. கடுங்குளிரில் அவற்றின் பேட்டரி விரைவில் தளரும்.

கொதிக்க வைப்பது அனைத்துக் கிருமிகளையும் கொல்லும். 4,000 மீட்டர் உயரத்தில் நீர் சுமார் 87 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்க விட வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. இரவு சமையலின்போதே மறுநாள் காலைக்கான நீரைக் காய்ச்சி வைத்தால் எரிபொருள் மிச்சமாகும்.

ரசாயனம் வேறு கதை. ஆப்பிள் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் நீரிலுள்ள பூச்சிக்கொல்லியை இழை வடிகட்டி நீக்காது. தோட்டத்துக்கும் ஊருக்கும் மேலே நீர் எடுப்பதே முறை.

பனியாற்று நீரில் மாவு போன்ற கல்தூள் கலந்திருக்கும். அதை நேரடியாகச் செலுத்தினால் துளைகள் அடைத்துக்கொள்ளும். இயன்றவரை பக்கவாட்டிலிருந்து வரும் தெளிந்த ஓடையை நாடலாம். இல்லையெனில் நீரைத் தேக்கித் தெளிய வைத்து, மடித்த பருத்தித் துணியில் வடிகட்டிய பிறகு கருவியில் ஊற்றலாம். துணியை எளிதாக எண்ண வேண்டாம்: வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையை நான்காக மடித்து வடிகட்டியதிலேயே காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது.

வடிகட்டிக்குப் பெரும் எதிரி உறைபனி. ஒருமுறை பயன்படுத்திய இழைகளில் ஈரம் தங்கியிருக்கும். அது உறைந்தால் இழை விரிசல் விடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது, நீரும் வழக்கம்போல் வடியும். எனவே இரவில் வடிகட்டியை உறங்கும் பைக்குள்ளும், பகலில் மேலங்கியின் உட்பையிலும் வைத்திருக்க வேண்டும். உறைந்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், அந்த வடிகட்டியை மீண்டும் பயன்படுத்தாமல் காய்ச்சிய நீருக்கு மாறிவிடுவதே பாதுகாப்பு.