பெட்டி வந்த காலமும் சாவி வரும் காலமும்

"பெட்டி வந்தாச்சா?" என்று தியேட்டர் வாசலில் விசாரித்துக்கொண்டு நின்ற காலம் ஒன்று உண்டு. பெட்டிக்குள் 35 எம்எம் ரீல்கள். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர்கள் பங்கு போட்டுக்கொண்ட ஊர்களில், ஓடி முடிந்த ரீலைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒரு பையன் அடுத்த தியேட்டருக்கு மிதிப்பான். அந்த ரீலுக்கு ரகசியப் பூட்டு எதுவும் கிடையாது. ஆனால் அதை நகலெடுக்க லேப் வேண்டும், ஃபிலிம் வேண்டும், கை நிறையப் பணம் வேண்டும். அந்தச் சிரமம்தான் பூட்டாக இருந்தது.

விசிடி வந்ததும் சிரமம் போயிற்று. சென்னை பர்மா பஜாரில் புதுப்படம் பிளாஸ்டிக் உறையில் கிடைத்தது. திருட்டு விசிடிக்காரர்களை 2004-ல் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். டிவிடியையோ 1996-லேயே 40 பிட் சாவியால் பூட்டித்தான் விற்றார்கள். 1999-ல் நார்வேயின் யோன் யோஹான்சன் என்ற 15 வயதுப் பையனும் வேறு சிலரும் சேர்ந்து அதைத் திறந்துவிட்டார்கள். திறக்காமல் எப்படி இருக்கும்? வட்டையும் விற்று, அதைத் திறக்கும் சாவியையும் பிளேயருக்குள் வைத்து விற்றார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை வாசல் நிலையிலேயே வைத்துவிட்டுப் போகிற கதைதான் அது.

இன்று பெட்டிக்குப் பதில் ஹார்டு டிஸ்க். படம் 128 பிட் பூட்டோடு வருகிறது. கேடிஎம் என்ற சாவி தனியே வருகிறது. இந்தத் தியேட்டர், இந்த சர்வர், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கணக்கு வைத்து வரும் சாவி. பாக்கி தீராமல் வெளியீடு இழுபறியாகும் விடியற்காலைகளில் ரசிகர்கள் "கேடிஎம் வந்தாச்சா?" என்று கேட்கிறார்கள். இந்தப் பூட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வழியில் டிஸ்க் களவு போனாலும் படம் களவு போகாது. முதல் மூன்று நாள் வசூலை நம்பி வட்டிக்குப் பணம் வாங்கிய தயாரிப்பாளருக்கு அது பெரிய காவல்.

ஆனால் படம் ஓடியாக வேண்டுமே! புரொஜெக்டரிலிருந்து வெளிச்சமாகத் திரையில் விழுந்த பிறகு எந்தச் சாவிக்கும் வேலையில்லை. மடியில் மறைத்துப் பிடித்த ஒரு செல்போன் போதும். அதற்காகத்தான் வாட்டர்மார்க் வைத்தார்கள். எந்தத் தியேட்டர், எந்த நேரம் என்ற அடையாளம், 15 நிமிடக் கணக்கில், கண்ணுக்கும் காதுக்கும் புலப்படாமல் படத்திலும் ஒலியிலும் கலந்திருக்கும். திருட்டுப் பிரதி கிடைத்தால் எங்கே எடுத்தது என்று சொல்லிவிடலாம். அதற்குள் படம் டெலிகிராமில் ஊர் சுற்றியிருக்கும். 2023-ன் திருத்தச் சட்டப்படி திரையரங்கில் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அதுவும் ஆள் அகப்பட்ட பிறகுதான்.

எங்கள் ஊர்த் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் அண்ணன் அந்த நாளில் டார்ச் அடித்து எங்களுக்கு இருக்கை காட்டுவார். புதுப்படம் வந்தால் இப்போதும் டார்ச்சோடுதான் நிற்கிறார். வரிசை வரிசையாக, யார் மடியில் போன் ஒளிர்கிறது என்று பார்த்துக்கொண்டு.