வழக்கறிஞர் இலவசம், மலையிறங்கத் துணை யார்?

கொல்லிமலைக்காரர் ஒருவர் நாமக்கல் நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்கு வருவது சாதாரணப் பயணம் அல்ல. சோளக்காட்டில் இருந்து காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, பிறகு சமவெளியில் இன்னொரு பயணம். அன்றைய கூலி போகும். பேருந்துச் செலவு, சாப்பாட்டுச் செலவு தனி. வந்து சேர்ந்தால் அடுத்த தேதி சொல்லி அனுப்புவார்கள். நாலு முறை இறங்கியவர் ஐந்தாம் முறை இறங்குவதில்லை. சாட்சி ஆஜராகவில்லை என்று கட்டில் எழுதுவார்கள். ஏன் ஆஜராகவில்லை என்று எழுதமாட்டார்கள்.

இத்தனைக்கும் வழக்கறிஞருக்குக் காசு தர வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வட்ட நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை இது பொருந்தும். ஆனால் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் இருக்கிறார், வழக்கு மலையில் இருக்கிறது. நடுவில் உள்ள தூரத்தை யார் கடக்க வைப்பது? அமைப்புகளின் வேலை இங்கேதான் தொடங்குகிறது என்பது நம் கருத்து.

கொல்லிமலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் சொந்தங்கள்தான் தருமபுரி மாவட்டம் அரூர் பகுதியின் வாச்சாத்தி மக்களும். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கடைசியில் சிறைக்குப் போனது ஊர்மக்கள்தான். அவர்கள் தனியாகப் புகார் கொடுத்திருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்?

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அந்த ஊருக்குப் போய், நடந்ததைக் கேட்டு, நீதிமன்றத்துக்குக் கொண்டு போயின. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்துத் தந்த அறிக்கை அதற்கு வலுச் சேர்த்தது. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது.

முப்பத்தொரு ஆண்டுகள். அதில் வாதம் நடந்த நாட்கள் எத்தனை இருக்கும்? மற்ற நாட்களில் பயமுறுத்தலுக்கு நடுவே சாட்சிகளை உடைந்து போகாமல் காப்பதும், கூட்டிப் போவதும், கூட்டி வருவதும்தான் வேலை. சினிமாவில் இதைக் காட்டினால் யாரும் கைதட்டமாட்டார்கள். விழுப்புரம் பக்கம் பேராசிரியர் கல்யாணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாகச் செய்வதும் இதுதான்.

இந்தத் துணை யாரோ இரக்கப்பட்டுத் தருவதல்ல, சட்ட உரிமை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தின் 15-ஏ பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் என யாருடைய உதவியையும் பெறலாம். எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். தலித் மக்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் இந்தச் சட்டம் ஒன்றே என்பதால்தான் இந்தப் பத்தியில் மலையைப் பற்றிப் பேசுகிறோம்.

அதிகம் பேர் கேட்டு வாங்காத ஒன்றும் உண்டு. அதே சட்டத்தின் விதிகளில் 11ஆவது விதி, விசாரணைக்கு வரும் பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவருக்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவு, உணவுச் செலவு, அன்றைய கூலிக்கு ஈடான படி ஆகியவற்றை அரசு தர வேண்டும் என்கிறது. அதுவும் உடனே, தவறினால் மூன்று நாட்களுக்குள். அந்த 70 வளைவுக்கான பேருந்துக் கட்டணமும் இதில் அடங்கும். உடன் வருபவர் இதைக் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தாலே பாதி வழக்கு நிற்கும்.

பேனர் கட்டி, பிஸ்கட் கொடுத்து, போட்டோ எடுத்து மாலையில் இறங்கிவிடும் ஒருநாள் சட்ட விழிப்புணர்வு முகாம்களால் இது நடக்காது. மாதம் ஒரு நாள், ஒரே இடத்தில், செம்மேட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதித் தர ஆள் வேண்டும். நாமக்கல்லில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் மலைப் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் ஆசிரியரோடு மேலே ஏறலாம். சட்ட உதவி மையம் நடத்துவது சட்டக் கல்லூரிகளின் வேலைகளில் ஒன்றுதான்.

அதுவரை, இலவச வழக்கறிஞர் தேவைப்படுவோர் 15100 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். மனுவில் சாதிச் சான்றிதழ் நகலை இணைக்க வேண்டும். கூடவே 11ஆவது விதியையும் குறிப்பிட்டுப் பயணப்படி கேளுங்கள்.