காட்டுக்குள் போகும் மீன்

கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவில், கிரேட் பேர் மழைக்காடு இருக்கிறது. சுமார் 64 லட்சம் ஹெக்டேர். மழைக்காடு என்றதும் வெக்கை நினைவுக்கு வரும், இது குளிர்க்காடு. பசிபிக்கின் ஈரக்காற்று கரையோர மலைகளில் மோதி மழையாகக் கொட்டுகிறது. ஓயாத மழை மண்ணின் சத்தை அரித்துக்கொண்டு போய்விடும். அப்படியும் செடாரும் ஸ்ப்ரூஸும் பல நூறு ஆண்டுகள் வளர்ந்து நிற்கின்றன. உரத்தில் ஒரு பங்கு கடலிலிருந்து வருகிறது.

கொண்டுவருவது சால்மன். கடலில் கொழுத்து வளர்ந்து, இலையுதிர்காலத்தில் பிறந்த ஓடையைத் தேடி எதிர்நீச்சல் போட்டு வந்து, முட்டையிட்டதும் செத்துப்போகும். ஓடையோரமே நாறும்.

கருங்கரடி மீனைக் கவ்வினால் பெரும்பாலும் அங்கேயே நின்று தின்னாது. இன்னொரு கரடி பிடுங்கிவிடும். புதருக்குள் தூக்கிப்போய், மூளை, முட்டை என்று கொழுப்பான இடமாகப் பார்த்துத் தின்னும். மீன் வரத்து மிகுந்த நாளில் மிச்சத்தைப் பாசிமேல் போட்டுவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விடும். பந்தியில் இனிப்பை மட்டும் பொறுக்கும் குழந்தை மாதிரிதான். மிச்சத்தில் ஈ மொய்க்கும், புழு நெளியும், மழை கரைத்து வேருக்குக் கொண்டுபோகும். இதே கரைக்கு அப்பாலுள்ள ஹைடா குவாய் தீவுகளில் இரவும் பகலும் காத்திருந்து கணக்கெடுத்த உயிரியலாளர் டாம் ரெய்ம்சென், ஒரு கரடி ஒரு பருவத்தில் சுமார் 700 மீன் பிடிப்பதாகக் கண்டார். அதில் ஏறக்குறைய பாதிதான் வயிற்றுக்கு.

மரம் மீனைத் தின்றதற்குச் சாட்சி? நைட்ரஜன்-15. ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள இந்தக் கனமான நைட்ரஜன், கடலில் மேய்ந்த சால்மனின் உடம்பில் சற்று அதிகம். ஓடையோர மரத்தைத் துளைத்துப் பென்சில் கனத்துக்கு எடுத்த துண்டின் வளையங்களில் அது பதிந்திருக்கிறது. மீன் ஏற முடியாத அருவிக்கு மேலே போனால், செடிகளில் இந்தத் தடயம் குறைந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த சாட்சியம் அந்த அருவிதான்.

கிரேட் பேர் காட்டின் கருங்கரடிகளில் சில வெள்ளையாகவே பிறக்கும். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் வெள்ளைக்குட்டி. ஆவிக் கரடி என்கிறார்கள். பகலில் கறுப்புக் கரடியைவிட இதற்குக் கூடுதலாக மீன் கிடைக்கிறது. வெளிறிய வானத்தோடு நிறம் கலந்துவிடுவதால், தண்ணீருக்குள்ளிருக்கும் மீன் சட்டென்று மிரளுவதில்லை என்பது விளக்கம். இருட்டிவிட்டால் இரண்டுக்கும் ஒரே கதைதான்.

ஓநாய்களும் இந்த ஓடைகளுக்கு மீன் பிடிக்க வரும். தலையை மட்டும் கடித்து எடுத்துக்கொண்டு, முண்டத்தைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போகும்.