தில்லியில் எங்கே தங்குவது? நட்சத்திர ஹோட்டல்களும் தலைநகர அரசியலும்

புது தில்லி: தலைநகருக்கு மூன்று நாள் பயணமாக வருகிற ஒருவர், செலவு செய்ய வசதியும் இருந்தால், எந்த ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தங்குவது? வேறு நகரங்களில் அறையின் அளவையும் காலைச் சிற்றுண்டியையும் வைத்து இதற்குப் பதில் சொல்லிவிடலாம். தில்லியில் அது போதாது. இங்குள்ள பெரிய ஹோட்டல்கள் ஒவ்வொன்றும் ஓர் அரசியல் காலகட்டத்தில் எழுந்தவை. அவற்றுள் பல, பொதுமக்களுக்குச் சொந்தமான நிலத்தின் மீது நிற்பவை. எங்கே தங்குகிறோம் என்ற கேள்வியோடு, யாருடைய நிலத்தில் தங்குகிறோம் என்ற கேள்வியும் இங்கு ஒட்டிக்கொண்டே வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, வந்த வேலை எங்கே என்பதை. உச்ச நீதிமன்றத்திலோ, உயர் நீதிமன்றத்திலோ வழக்கு உள்ளவர்களுக்கு ஜாகிர் உசேன் சாலையில் உள்ள ஓபராய் வசதியானது. 1965-இல் திறக்கப்பட்ட இந்த ஹோட்டல், நீண்ட புதுப்பிப்புக்குப் பின் 2018 தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. தூதரகங்களில் வேலை என்றால் சாணக்கியபுரி வட்டாரம். நாடாளுமன்றம், அமைச்சகங்கள் என்றால் ஜன்பத், அசோகா சாலைப் பகுதி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வருபவர்கள் மூடுபனியையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதிகாலை விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு, விமான நிலையத்தை ஒட்டி 2013 முதல் திறக்கப்பட்டுவந்துள்ள ஏரோசிட்டி ஹோட்டல்களே நல்லது. அங்கிருந்து மெட்ரோ ரயிலில் நகருக்குள் வந்துவிடலாம். ஆனால், ஏரோசிட்டியில் தங்கியவர் தில்லியில் தங்கியதாகச் சொல்லிக்கொள்வது சற்று மிகைதான். கண்ணாடிக் கட்டடங்களைத் தவிர அங்கே பார்க்க ஏதுமில்லை.

அதிபர்களின் ஹோட்டல்

விமான நிலையத்திலிருந்து நகரின் மையத்துக்கு வரும் வழியில், சர்தார் படேல் சாலையில் அடுத்தடுத்து இருப்பவை ஐடிசி மௌரியாவும் தாஜ் பேலஸும். அமெரிக்க அதிபர்கள் என்றாலே மௌரியாதான். 2000-இல் கிளிண்டன், 2006-இல் ஜார்ஜ் புஷ், 2010-லும் 2015-லும் ஒபாமா, 2020-இல் டிரம்ப், 2023-இல் ஜி-20 மாநாட்டுக்காக பைடன் என எல்லோரும் இங்கேதான் தங்கினர். கட்சி மாறினாலும் ஹோட்டல் மாறவில்லை. இதற்குச் சமையல் மட்டும் காரணமல்ல. ஹோட்டலின் பின்புறம் ரிட்ஜ் காடு. முன்புறம் விமான நிலையத்திலிருந்து நேராக வரும் அகலமான சாலை. பாதுகாப்பு அதிகாரிகள் விரும்பும் அமைப்பு இது. இங்குள்ள புகாரா உணவகத்தில் கிளிண்டன் பெயரிலேயே ஓர் உணவுத் தட்டு உண்டு.

சாதாரணப் பயணிக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வெளிநாட்டுத் தலைவர் வருகிறார் என்றால் ஹோட்டலின் பெரும்பகுதி, சில நேரம் முழு ஹோட்டலுமே, அரசுக் குழுக்களுக்கு ஒதுக்கப்பட்டுவிடும். சுற்றியுள்ள சாலைகளும் அடைக்கப்படும். 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாட்டின்போது நகரின் பெரிய ஹோட்டல்கள் அனைத்துக்கும் இதே நிலைதான். எனவே, பயணத் தேதியைக் குறிக்கும் முன், அந்த வாரத்தில் எந்த நாட்டின் தலைவர் வருகிறார் என்று பத்திரிகையைப் பார்த்துக்கொள்வது, அறை வாடகையை ஒப்பிடுவதைக் காட்டிலும் பயன்தரும்.

நிலம் நகராட்சியுடையது

மான்சிங் சாலையில் உள்ள தாஜ் மஹால் ஹோட்டலை தில்லிவாசிகள் 'தாஜ் மான்சிங்' என்றே சொல்வார்கள். இந்தியா கேட்டுக்கு மிக அருகில், அமைச்சர்களின் பங்களாக்களுக்கு நடுவே இருக்கும் இடம் அது. கட்சித் தலைவர்கள், தொழிலதிபர்கள், மூத்த வழக்கறிஞர்கள் எனப் பலரையும் ஒரே மாலையில் இதன் வரவேற்புக் கூடத்தில் பார்த்துவிடலாம். 1978-இல் திறக்கப்பட்ட இந்த ஹோட்டலின் நிலமும் கட்டடமும் டாடா குழுமத்துக்குச் சொந்தமானவை அல்ல; புது தில்லி நகராட்சி மன்றத்தின் சொத்து. 33 ஆண்டு உரிமம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு ஏலம் விடுவதா, உரிமத்தை நீட்டிப்பதா என்று முடிவெடுக்காமலேயே ஒன்பது முறை தற்காலிக நீட்டிப்பு அளிக்கப்பட்டது. மத்தியில் ஆட்சி மாறிய பின்னரும் இழுபறி தொடர்ந்தது.

விவகாரம் நீதிமன்றங்களுக்குச் சென்றது. ஏலம் விடலாம் என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2018 செப்டம்பரில் நடந்த ஏலத்தில் டாடா குழுமத்தின் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனமே மீண்டும் வென்றது. ஒப்புக்கொண்ட உரிமக் கட்டணம் மாதம் ரூ. 7.03 கோடி, காலம் மீண்டும் 33 ஆண்டுகள். ஹோட்டலை நடத்துபவர் மாறவில்லை, விருந்தினர்களும் மாறவில்லை. ஏலத்தால் லாபம் அடைந்தது நகராட்சியின் கருவூலம்தான். இந்த ஏலம் 2011-லேயே நடந்திருந்தால் இன்னும் எவ்வளவு வந்திருக்கும் என்று கேட்பதில் தவறில்லை. அதற்குப் பொறுப்பு ஒரு கட்சியுடையது மட்டும் அல்ல.

இதே போல அரசு நிலம் ஹோட்டல்களுக்குக் கைமாறியதில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. போட்டிக்கு வரும் வெளிநாட்டவருக்கு அறைகள் போதாது என்று சொல்லி, நகரின் விலை மதிப்புள்ள இடங்கள் ஹோட்டல் கட்ட வழங்கப்பட்டன.

அரசு கட்டியதும் விற்றதும்

தில்லியில் அரசே நட்சத்திர ஹோட்டல் கட்டிய கதை 1956-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு யுனெஸ்கோ பொது மாநாடு இங்கே நடந்தது. உலக நாடுகளின் பிரதிநிதிகளைத் தங்கவைக்கத் தகுந்த இடம் இல்லை என்று நேரு கருதியதன் விளைவுதான் சாணக்கியபுரியில் எழுந்த அசோக் ஹோட்டல். பிறகு 1966-இல் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. நாடெங்கும் அதன் ஹோட்டல்கள் பெருகின, மதுரையிலும் மாமல்லபுரத்திலும்கூட.

வாஜ்பாய் ஆட்சியில், 2001, 2002-ஆம் ஆண்டுகளில், இவற்றுள் பல விற்கப்பட்டன. மதுரை, மாமல்லபுரம் ஹோட்டல்களும் அவற்றில் அடங்கும். தில்லியில் குதுப், லோதி, கனிஷ்கா, ரஞ்சித், இந்திரபிரஸ்தா ஆகியவை தனியார் வசமாயின. கனிஷ்கா இருந்த இடத்தில் இன்று இருப்பது ஷாங்ரி-லா. 2023-இல் ஜி-20 மாநாட்டுக்கு வந்த பிரிட்டன் பிரதமர் ரிஷி சுனக் தங்கியது இங்கேதான். பழைய லோதி ஹோட்டலின் இடத்தில் எழுந்தது முதலில் 'அமன்' என்றும், பின்னர் மீண்டும் 'தி லோதி' என்றும் பெயர் கொண்டது. நகரின் விலை உயர்ந்த அறைகள் சில அங்கே உள்ளன. ஒரு காலத்தில் நடுத்தர வருவாய்ப் பயணிகளும் எட்டிப் பிடிக்கக்கூடியதாக இருந்த இடம் அது. ஜன்பத் ஹோட்டல் 2017-இல் மூடப்பட்டது. அதற்கும் வெகுகாலம் முன்பே சாணக்கியபுரியின் அக்பர் ஹோட்டல் அரசு அலுவலகமாகிவிட்டது.

எஞ்சியிருப்பது அசோக்கும் அதன் பக்கத்தில் உள்ள சாம்ராட்டும். பிரதமர் இல்லத்துக்கு அருகே இருக்கும் அசோக்கின் விசாலமான தாழ்வாரங்களும் கூடங்களும் புதிய ஹோட்டல்களில் கிடைக்காதவை. ஆனால் பராமரிப்பும் சேவையும் தனியார் ஹோட்டல்களுக்கு இணையானவை என்று சொல்ல முடியாது. நீண்ட காலக் குத்தகைக்கு அதைத் தனியாரிடம் விடும் யோசனை, 2021-இல் அறிவிக்கப்பட்ட பொதுச் சொத்துகளைப் பணமாக்கும் திட்டத்திலும் இடம்பெற்றது.

அசோக்கின் வாடிக்கையாளர்களில் பெரியவர் அரசேதான் என்பது விந்தை. 2014 மக்களவைத் தேர்தலுக்குப் பின் அரசு வீடு கிடைக்காத புதிய உறுப்பினர்கள் பலர் மாதக் கணக்கில் அங்கே தங்கினர். செலவு மக்களவைச் செயலகத்தினுடையது. இது விமர்சனத்துக்கு உள்ளானதால், 2019 தேர்தலுக்குப் பின் புதிய உறுப்பினர்களை ஹோட்டல்களில் தங்கவைப்பதில்லை என்று முடிவானது. வெஸ்டர்ன் கோர்ட்டிலும் மாநில இல்லங்களிலும் இடம் தரப்பட்டது. அதே 2019-இல், ஊழலை ஒழிக்க நீண்ட போராட்டத்துக்குப் பின் அமைக்கப்பட்ட லோக்பால் அமைப்புக்குத் தாற்காலிக அலுவலகம் கொடுக்கப்பட்டது எங்கே தெரியுமா? அசோக் ஹோட்டலில். மாத வாடகை ரூ. 50 லட்சம். அவ்வாண்டு அக்டோபர் இறுதி வரை ரூ. 3.85 கோடி செலுத்தப்பட்டது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் தெரியவந்தது. அரசின் ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்குப் போன பணம்தானே என்று சமாதானம் சொல்லலாம். அப்படியே இருந்தாலும், ஊழல் புகார் கொடுக்க வரும் எளியவர் ஐந்து நட்சத்திர ஹோட்டலின் வாயிற்காவலரைக் கடந்து வர வேண்டியிருந்தது என்பதை மறுக்க முடியாது.

அமைச்சர்களும் அறை வாடகையும்

சொந்தப் பணத்தில் தங்கினாலும் அரசியல்வாதிக்கு ஹோட்டல் நெருப்பு மாதிரிதான். 2009-இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு மீண்டும் பதவியேற்றபின், வெளியுறவு அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா மௌரியாவிலும், இணை அமைச்சர் சசி தரூர் தாஜ் ஹோட்டலிலும் சுமார் மூன்று மாதங்கள் தங்கியிருந்தனர். வாடகையைத் தாங்களே செலுத்துவதாக இருவரும் கூறினர். நாட்டில் வறட்சி, அரசில் சிக்கன நடவடிக்கை என்றிருந்த நேரம் அது. நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி சொன்ன பிறகு இருவரும் வெளியேறினர். ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் அரசுக் கூட்டங்கள் நடத்தக் கூடாது என்று 2013-இல் மன்மோகன் அரசும், 2014-இல் மோதி அரசும் உத்தரவு போட்டன. ஒரே உத்தரவை இரண்டு அரசுகள் அடுத்தடுத்துப் போட வேண்டியிருந்தது என்பதே அது எப்படிக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதற்குச் சான்று.

வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களின் தேர்வு ஜன்பத் சாலையில் உள்ள இம்பீரியலாக இருக்கலாம். 1930-களின் ஹோட்டல் அது. 1947 ஜூன் 9 அன்று முஸ்லிம் லீக் கவுன்சில் கூடி, நாட்டைப் பிரிக்கும் மவுன்ட்பேட்டன் திட்டத்தை ஏற்றது இங்கேதான். கூட்டத்தைக் கலைக்க காக்சார்கள் உள்ளே புகுந்தபோது போலீஸார் கண்ணீர்ப் புகை வீசினர். இன்று அதன் பனைமர வரிசையில் நடப்பவர்களுக்கு இதை நினைவூட்ட ஆள் தேவை. கன்னாட் பிளேஸ் நடந்து போகும் தூரம் என்பதால், பெரிய ஹோட்டல்களுக்குள் காருக்காகக் காத்திருக்க வேண்டாத ஹோட்டல் இதுதான் என்று சொல்லலாம்.

எங்கே தங்கினாலும், பில்லைக் கவனித்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் அறை வாடகை ரூ. 7,500 வரை என்றால் சரக்கு, சேவை வரி 5 சதவீதம். ஒரு ரூபாய் கூடினாலும் 18 சதவீதம். அந்த ஹோட்டல் உணவகத்தில் சாப்பிட்டாலும் 18 சதவீதம்தான். இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள மத்திய அரசு அதிகாரிகளுக்கு ஹோட்டல் செலவாக 2017 முதல் அனுமதிக்கப்பட்டதும் நாளொன்றுக்கு இதே ரூ. 7,500. மேற்சொன்ன தனியார் ஹோட்டல்களில் அந்தத் தொகைக்கு அறை கிடைப்பது அரிது. உணவகப் பில்லில் 'சேவைக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை சேர்க்கப்பட்டிருந்தால் அதைக் கொடுக்க மறுக்கலாம். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வகுத்த நெறிமுறைகளை தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. அதை எதிர்த்து ஹோட்டல் உரிமையாளர் சங்கங்கள் மேல்முறையீடு செய்தன.