பணியிடத்தில் சுற்றுச்சூழல் பேணும் பழக்கங்களும் பணியாளர் நலமும்

தேவையற்ற விளக்கை அணைத்தல், தாளின் இருபுறமும் அச்சிடுதல், நெகிழிக் குவளையைத் தவிர்த்து எவர்சில்வர் குவளையைப் பயன்படுத்துதல் போன்ற பழக்கங்கள் இன்று பல அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் வலியுறுத்தப்படுகின்றன. தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. இத்தகைய பழக்கங்கள் சுற்றுச்சூழலுக்கு நன்மை தருபவை. அவை பணியாளரின் உடலையும் மனத்தையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும், நோயுடன் வாழ்வோரும் சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்புவோரும் எவற்றில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

சுற்றுச்சூழல் பேணும் பழக்கம் எனப்படுவது யாது?

பணியிடத்தில் சுற்றுச்சூழலுக்கு நேரும் தீங்கைக் குறைக்கும் அல்லது நன்மையைக் கூட்டும் எச்செயலும் இதில் அடங்கும். ஆய்வாளர்கள் இதனை ஐந்து வகையாகப் பிரிக்கின்றனர்: வளங்களைச் சேமித்தல், மாசு உண்டாவதைத் தவிர்த்தல், பணி செய்யும் முறையையே மாற்றியமைத்தல், பிறரை ஊக்குவித்தல், புதிய முயற்சிகளைத் தொடங்குதல்.

இவற்றுள் சில, பணியின் ஒரு பகுதியாக விதிக்கப்படுபவை. மருத்துவமனை ஊழியர் மருத்துவக் கழிவை நிறவாரியாகப் பிரிப்பது இதற்கு எடுத்துக்காட்டு. வேறு சில, பணியாளர் தாமே விரும்பிச் செய்பவை. நலத்தைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது.

மனநலத்துடன் உள்ள தொடர்பு

உளவியலில் டெசி, ரையன் ஆகிய இருவர் வகுத்த கோட்பாட்டின்படி, மனிதரின் மனநலத்திற்கு மூன்று அடிப்படைத் தேவைகள் நிறைவேற வேண்டும். தம் விருப்பப்படி செயல்படுகிறோம் என்னும் உணர்வு முதலாவது. ஒன்றைத் திறம்படச் செய்ய முடிகிறது என்னும் உணர்வு இரண்டாவது. பிறருடன் இணைந்திருக்கிறோம் என்னும் உணர்வு மூன்றாவது.

விரும்பிச் செய்யும் சுற்றுச்சூழல் பணியில் இம்மூன்றும் ஒருங்கே கிடைக்க வாய்ப்புண்டு. சிறிய செயலாயினும் அதன் பயன் கண்முன்னே தெரிகிறது. சக பணியாளர்களுடன் பேசவும் சேர்ந்து செயல்படவும் காரணம் அமைகிறது. நீண்ட விடுப்புக்குப் பின் பணிக்குத் திரும்பும் ஒருவருக்கு, முழுப் பணிச்சுமையையும் ஏற்கும் முன்னரே பயனுள்ளவராக உணர இது உதவக்கூடும்.

எனினும், இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை பணியாளர்களிடம் வினாக்கள் கேட்டுத் திரட்டப்பட்டவை. இப்பழக்கங்களை உடையோர் மனநிறைவுடன் இருப்பதாக அவை காட்டினாலும், பழக்கத்தால் மனநிறைவு வந்ததா, மனநிறைவு உள்ளவர்கள் இப்பழக்கங்களை எளிதாக மேற்கொள்கின்றனரா என்பதை அவற்றைக் கொண்டு மட்டும் உறுதி செய்ய இயலாது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆகவே, மனச்சோர்வுக்கோ மனப்பதற்றத்திற்கோ இப்பழக்கங்களைச் சிகிச்சையாகக் கருதுதல் கூடாது.

பழக்கம் சுமையாக மாறும்போது

ஏற்கெனவே பணி மிகுந்தவர் மீது, நேரமும் வசதியும் அளிக்காமல் கூடுதல் பொறுப்பு சுமத்தப்பட்டால், அது களைப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். செய்யாதவரைப் பிறர் முன்னிலையில் குறை கூறுவது குற்ற உணர்வை வளர்க்கும். நோயின் காரணமாகச் சிலவற்றைச் செய்ய இயலாதவர் இதனால் பெரிதும் வருந்த நேரிடும். மருத்துவத் தேவைக்காக உறிஞ்சுகுழல், கையுறை போன்ற ஒருமுறைப் பொருள்களைப் பயன்படுத்துவது தவறன்று. அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

உடல்நலத்திற்குக் கிடைக்கும் பயன்கள்

நடந்தோ மிதிவண்டியிலோ பணிக்குச் செல்வது எரிபொருளைச் சேமிப்பதுடன் உடற்பயிற்சியாகவும் அமைகிறது. பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. நாள்தோறும் போக, வர 15 நிமிடங்கள் வீதம் ஐந்து நாள்கள் விரைந்து நடந்தால் இந்த அளவு நிறைவடைந்துவிடும்.

பகல் வெளிச்சத்தில் பணியாற்றுவது மின்சாரத்தைச் சேமிக்கிறது. உடலின் உறக்க விழிப்பு ஒழுங்கு சீராக இருக்கவும் அது துணைபுரிகிறது. சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துவது காசநோய் போன்ற காற்றுவழித் தொற்றுகள் பரவும் வாய்ப்பைக் குறைக்கிறது.

இதற்கு மாறாக, ஆற்றலைச் சேமிப்பதற்காகக் காற்றோட்டத்தைக் குறைப்பது தீங்கானது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மேலைநாடுகளில் பல அலுவலகக் கட்டடங்கள் வெளிக்காற்று மிகக் குறைவாகவே உட்புகும்படி அமைக்கப்பட்டன. அத்தகைய கட்டடங்களில் பணியாற்றியோர் பலர் தலைவலி, கண் எரிச்சல், களைப்பு ஆகியவற்றால் அவதியுற்றனர். மின்சாரத்தைச் சேமிக்கும் எந்த ஏற்பாடும் தூய காற்றைக் குறைப்பதாக இருத்தல் கூடாது.

நோயுடன் வாழ்வோர் கவனிக்க வேண்டியவை

• ஆஸ்துமா: அழுத்தி உறிஞ்சும் இன்ஹேலர்கள் பலவற்றில் புவி வெப்பத்தைக் கூட்டும் வாயு உள்ளது உண்மையே. ஆயினும், அக்காரணத்திற்காக இன்ஹேலரை ஒருபோதும் நிறுத்தாதீர்கள், அளவையும் குறைக்காதீர்கள். உலர்தூள் வகை தங்களுக்குப் பொருந்துமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பழைய கோப்புகளைத் தூசு தட்டுதல், மட்கும் குப்பையைக் கிளறுதல் ஆகியவை மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். அவற்றைத் தவிர்த்து வேறு பணியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

• இதய நோய்: மின்தூக்கியைத் தவிர்த்து மாடிப்படி ஏறுவது பலருக்கு நல்ல பழக்கம். மாரடைப்பு அல்லது இதய அறுவை சிகிச்சைக்குப் பின், எத்தனை மாடி ஏறலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே தொடங்குங்கள்.

• வெப்பத்தைத் தாங்க இயலாதோர்: குளிர்சாதனக் கருவியை 24 பாகை செல்சியசில் வைப்பது மின்சாரத்தைச் சேமிக்கும். அதனை முற்றிலும் நிறுத்துவது, சிறுநீர் பெருக்கி மருந்துகளையும் சில மனநல மருந்துகளையும் உட்கொள்வோருக்கும், கர்ப்பிணிகளுக்கும், முதியோருக்கும் கோடையில் ஆபத்தாகலாம்.

• நீரிழிவு: இன்சுலின் ஊசிகளைப் பிறரோடு பகிர்வதும் அலுவலகக் குப்பைத்தொட்டியில் இடுவதும் கூடாது. துப்புரவுப் பணியாளருக்குக் காயமும் தொற்றும் ஏற்படாதிருக்க, துளைக்க இயலாத மூடியுள்ள கலத்தில் அவற்றைச் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படையுங்கள்.

• கண் பாதிப்பு உடையோர்: தாளைத் தவிர்த்து அனைத்தையும் கணினித் திரையில் படிப்பது கண்களைக் களைப்படையச் செய்யும். 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள பொருளை 20 விநாடிகள் பாருங்கள். பார்வை குறைந்தோர் நடமாடும் படிகளிலும் நடைவழிகளிலும் விளக்குகளை அணைத்தல் கூடாது.

• பூந்தொட்டிகள்: பசுமை கண்ணுக்கும் மனத்திற்கும் இதமளிக்கும். ஆனால், சில தொட்டிகளால் அறைக் காற்று குறிப்பிடத்தக்க அளவில் தூய்மையாவதில்லை. அதற்குக் காற்றோட்டமே வழி. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் ஏடிசு கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

• குழல் விளக்குகள்: பழைய குழல் விளக்குகளில் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் அறையை விட்டு வெளியேறுங்கள். துண்டுகளை வெறுங்கையால் தொடாதீர்கள்.

பராமரிப்பாளர்கள் செய்யக்கூடியவை

நோயாளி பணிக்குத் திரும்பும் முன், அங்குள்ள நடைமுறைகளை அவரிடம் கேட்டறியுங்கள். எத்தனை மாடி ஏற வேண்டும், அறையில் காற்றோட்டம் உள்ளதா, குடிநீரும் கழிப்பறையும் அருகில் உள்ளனவா, மருந்து வைக்க இடம் உண்டா என்பவை அவற்றுள் முக்கியமானவை. அடுத்த மருத்துவப் பரிசோதனையின்போது இவ்விவரங்களை மருத்துவரிடம் தெரிவித்து, தேவையெனில் பணியிடத்திற்கான அறிவுரையை எழுத்து வடிவில் பெறுங்கள்.

வீடு திரும்பிய பின், "இன்று எவ்வளவு வேலை செய்தீர்கள்?" என்று கேட்பதைவிட, "இன்று எது களைப்பைத் தந்தது?" என்று கேளுங்கள். சுற்றுச்சூழல் பணி அவருக்கு மகிழ்ச்சி தருகிறதா, சுமையாகிறதா என்பது அவர் கூறும் விடையில் புலப்படும். சுமையாயின், அதனை மேலாளரிடம் எடுத்துக்கூறத் துணைநில்லுங்கள்.

பராமரிப்பாளரும் பணிக்குச் செல்பவராக இருக்கலாம். வீட்டில் நோயாளியையும் அலுவலகத்தில் பணியையும் சேர்த்துக் கவனிப்பவர், எல்லா நல்ல பழக்கங்களையும் ஒரே நேரத்தில் மேற்கொள்ள வேண்டியதில்லை. எளிதான ஒன்றைத் தேர்ந்து, அது பழகிய பின் மற்றொன்றைத் தொடங்கலாம்.

எப்போது மருத்துவ உதவியை நாட வேண்டும்?

மார்பு வலி, இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, கடும் மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் செய்யும் வேலையை உடனே நிறுத்தி 108 எண்ணை அழையுங்கள். வெப்பமான இடத்தில் ஒருவருக்கு மனக்குழப்பமோ மயக்கமோ ஏற்பட்டால், அவரை நிழலுக்குக் கொண்டு சென்று, உடலை ஈரத்துணியால் குளிர்வித்தவாறே 108 எண்ணை அழைக்க வேண்டும். நினைவு தெளியாதவருக்கு வாய்வழி நீர் புகட்டுதல் கூடாது.

சோர்வு, நாட்டமின்மை, உறக்கக் குறைவு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

நினைவில் கொள்ளுங்கள்

விரும்பி மேற்கொள்ளும் சுற்றுச்சூழல் பழக்கம் மனநிறைவு தரலாம். வற்புறுத்தப்படும் பழக்கம் சுமையாகலாம். காற்றோட்டம், போதிய வெளிச்சம், குடிநீர், மருந்து ஆகிய நான்கையும் எந்தச் சிக்கனத்திற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். தங்கள் உடல்நிலைக்கு ஏற்றதை மருத்துவரின் அறிவுரையுடன் தேர்ந்தெடுங்கள்.