வந்த மடல் வந்தது. போகும் மடல் போகவில்லை

உறவினர் இல்லத் திருமணத்திற்காக வெளியூர் சென்று, ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். மகளின் கல்லூரி விண்ணப்பத்திற்குரிய சான்றிதழ் ஒன்றை அன்று மாலை 5 மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்பியாக வேண்டும். மடிக்கணினியைத் திறந்தோம். விடுதியின் வைஃபை வழியே நமக்கு வரவேண்டிய மடல்கள் யாவும் வந்து இறங்கின. நாம் அனுப்பிய மடலோ அவுட்பாக்ஸை விட்டு அசையவில்லை. மறுபடியும் எழுதினோம்; கடவுச்சொல்லை மாற்றினோம். பயனில்லை.

மடலைப் பெறுவதும் அனுப்புவதும் ஒரே வேலை என்றே நாம் எண்ணியிருந்தோம். அவை இரு வேறு பணிகள். அனுப்பும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982-இல் ஜான் போஸ்டல் அதனை வரையறுத்து எழுதியபோது, "நீ யார்?" என்று கேட்கும் ஏற்பாடே அதில் இல்லை. குப்பை மடல்கள் பெருகிய பின்னர், இணைப்புத் தரும் நிறுவனங்கள் தம் இணைப்பில் உள்ளோரின் மடலை மட்டுமே ஏற்கலாயின. வீட்டில் இருக்கும்வரை இது நமக்குத் தெரிவதில்லை. ஊர் கடந்ததும் நாம் அந்நியராகிவிடுகிறோம். போதாக்குறைக்கு, 25 என்னும் எண்ணுடைய போர்ட்டைப் பல விடுதிகளும் நிறுவனங்களும் அடைத்தே வைத்திருக்கின்றன. வைரஸ் பிடித்த கணினி எதுவும் அவ்வழியே குப்பை மடல்களைக் கொட்டாதிருக்கவே இந்த அடைப்பு. விடுதிக்காரரைக் கடிந்து பயனில்லை. (நாம் கடிந்தோம்.)

மடலை ஒப்படைப்பதற்கென்றே 1998-இல் 587 என்னும் போர்ட் வகுக்கப்பட்டது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் காட்டுவோரை, அவர் எவ்வூரில் இருந்தாலும், அது ஏற்கும். ஆகவே அஞ்சல் மென்பொருளின் அமைப்புகளில், அனுப்பும் சர்வருக்குரிய பகுதியைப் பாருங்கள். 25 என்றிருந்தால் 587 என மாற்றி, பாதுகாப்பை ஸ்டார்ட்-டி.எல்.எஸ். என வையுங்கள், அல்லது 465-உம் எஸ்.எஸ்.எல்.-உம் எனக் கொள்ளலாம். கடவுச்சொல் கேட்கும் வசதியையும் இயக்குங்கள்; பெரும்பாலும் தவறுவது இதுவே.

இதனைப் புறப்படுமுன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். வீட்டு வைஃபையை அணைத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து, உங்களுக்கே ஒரு மடல் அனுப்புங்கள். அப்போது கணினி வெளியூரில் இருப்பதற்கு ஒப்பாகும். வெளியூரில் மடல் வரவும் இல்லை, போகவும் இல்லை என்றால் கோளாறு வேறு: விடுதியின் நுழைவுப் பக்கத்தில் அறை எண்ணைப் பதியாதிருப்பீர்கள்.

நாமோ அன்று 4.40-க்கு, பிரவுசரில் அஞ்சல் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்தே சான்றிதழை அனுப்பித் தப்பினோம். இரு நாள் கழித்து வீடு திரும்பிக் கணினியைத் திறந்ததும், அவுட்பாக்ஸில் கிடந்த நான்கு படிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுச் சென்றன. எதனை ஏற்பது என்று கல்லூரி அலுவலகத்தார் கேட்டு எழுதியிருந்தனர்.